ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்

“சின்னப் பிள்ளைகளிடம் போய் இதையெல்லாம் பேசலாமா? மனசு கெட்டுவிடாதா?” தொடக்கப் பள்ளியில் பாலியல் கல்வி என்ற பேச்சை எடுத்தாலே எழும் கேள்வி இது. பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருக்கும் பெற்றோரும் கேட்கிறார்கள். ஆனாலும் பேசினால் மனசு கெட்டுவிடும் என்ற இந்த நம்பிக்கை பிள்ளைகளுக்குக் கேடுதான் செய்திருக்கிறது.

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஏதோ ஒரு வகையில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகள் 53 சதவீதம். அவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். கொடுமை செய்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதே ஆண்டில்தான் மகாராஷ்டிரம், கர்நாடகம் உட்படப் பல மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்வியைப் பள்ளிகளில் நிறுத்தி வைத்தன.

பிள்ளை எப்படி வாய் திறக்கும்? மறைவிடத்துக்கு நாம் சொல்லிக்கொடுத்த பெயரே ‘ஷேம் ஷேம்’. அங்கே மாமா கை வைத்தார் என்று அம்மாவிடம் சொல்ல அந்தப் பிள்ளைக்கு நா எழாது. ‘குட் டச், பேட் டச்’ என்று ஆண்டுக்கொரு நாள் படம் காட்டிவிட்டுப் போவதும் போதாது. தெரிந்தவர் மிட்டாய் கொடுத்து, கிச்சுகிச்சு மூட்டித்தான் ஆரம்பிப்பார். ஆறு வயதில் அது கெட்டதாகவே தோன்றாது. உறுப்புகளின் சரியான பெயர் தெரிய வேண்டும். குளிப்பாட்டவும் வைத்தியம் பார்க்கவும் தவிர வேறு எதற்காகவும் அங்கே யாரும் தொடக் கூடாது என்று தெரிய வேண்டும். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று யார் சொன்னாலும் வீட்டிலோ டீச்சரிடமோ உடனே சொல்லும் துணிவு வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பாடம் இவ்வளவுதான். இதில் மனசு கெட ஒன்றுமில்லை. யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி ஐந்து வயதிலேயே தொடங்கச் சொல்கிறது. இந்தக் கல்வி பிள்ளைகளைத் தவறான வழிக்குத் தூண்டுவதில்லை என்பதையும் ஆய்வுகளைக் கொண்டு அது சொல்கிறது.

ஒன்றாம் வகுப்போடு பாடம் நின்றுவிடவும் கூடாது. ஐந்தாம் வகுப்பிலேயே வயதுக்கு வந்துவிடும் பெண் பிள்ளைகள் உண்டு. ஒன்றும் அறியாதவள் பள்ளிக் கழிப்பறையில் ரத்தத்தைப் பார்த்து, ஏதோ நோய் என்று நடுங்குகிறாள். பிறகு பிளக்ஸ் வைத்து, ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டு நடத்துகிறோம். ஊருக்கே அறிவிக்கும் செய்தியை அவளுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் வைத்தது அநியாயம்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். இந்தப் பாடத்தை எங்கள் பிள்ளைக்கு எந்த வகுப்பில், யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்து வராதீர்கள்.