வீடு மாறினால் தபாற்காரருக்குச் சொல்ல வேண்டும்



சென்ற வருடம் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு முடிந்த மறுநாள், பாண்டிருப்பில் எங்கள் பெண்கள் குழுவின் கூட்டம் நடந்தது. பொருளாளர் அக்கா கணக்குக் கொப்பியை என் பக்கம் தள்ளினார். "மிஸ், மூணு மாசமா வெளிநாட்டில இருந்து ஒரு ஓடர் கூட வரல்ல. நாங்க என்ன பிழை செஞ்சம்?"

இந்தக் குழுவில் எட்டுப் பேர். யுத்தத்தில் கணவரை இழந்தவர்களும், காணாமல் போன கணவரைத் தேடிக் கொண்டிருப்பவர்களும். மருதமுனைக் கைத்தறித் துணியில் பைகளும் மேசை விரிப்புகளும் தைக்கிறார்கள். பிள்ளைகளின் ரியூசன் காசு இதிலிருந்துதான் வருகிறது.

தையலில் குறையில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. முன்பு ஒரு திட்டத்தின் உதவியில் இவர்களுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கப்பட்டது. அதன் பெயரில் திட்டத்தின் பெயரும் சேர்ந்திருந்தது. திட்டம் முடிந்ததும், "நமது குழுவின் பெயரிலேயே இருக்கட்டும்" என்று யூலையில் புதுப் பெயர் எடுத்தோம். தளம் செய்த தம்பி புதியதைத் திறந்தார், பழையதை மூடினார். எல்லோரும் கைதட்டினோம்.

அன்று என் கைத்தொலைபேசியில் கூகுளில் தேடினேன். பழைய தளம்தான் வந்தது. தொட்டால் பக்கம் இல்லை என்றது. புதிய தளம் எங்குமே இல்லை.

இது ஏன் நடக்கிறது? தேடுபொறி ஒவ்வொரு தளமாகச் சென்று படித்து, புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு போல ஒரு பெரிய பதிவேட்டை வைத்திருக்கிறது. அதில் எல்லாம் முகவரியின்படிதான் பதியப்படும். ஆட்கள் அதேதான், பொருட்கள் அதேதான் என்றாலும், பெயர் மாறினால் அதற்கு நாம் ஊருக்குப் புதிதாக வந்தவர்கள். வேறு தளங்கள் நமக்குக் கொடுத்த இணைப்புகள் ஊரார் சொல்லும் நற்சாட்சி போன்றவை. அந்தச் சாட்சியெல்லாம் பழைய வாசலிலேயே நின்றுவிடும்.

2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தை விட்டு வந்த நமக்கு இது புதிதல்ல. தபாற் கந்தோரில் புது முகவரியைச் சொல்லி வைத்தவர்களுக்குக் கடிதம் தேடி வந்தது. சொல்லாதவர்களின் கடிதம் இடிந்த வீட்டுக்கே போனது.

இணையத்திலும் அப்படிச் சொல்லி வைக்க வழியுண்டு. பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே புதிய முகவரிக்கு அனுப்பலாம். இதில் இரண்டு வகை: 301 என்பது நிரந்தர மாற்றம், 302 என்பது தற்காலிக மாற்றம். முகாமில் இருந்தபோதும் நமது நிரந்தர முகவரி பழைய வீடுதானே? அதுபோல 302 என்று போட்டால், பழையதுதான் சொந்த முகவரி என்று தேடுபொறி நினைத்துக் கொள்ளலாம். எனவே 301 என்றே கேட்டு வாங்குங்கள். பையின் பக்கம் புதிய தளத்தின் பைப் பக்கத்துக்கே போக வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்புவது சரியல்ல.

பிறகு, இரண்டு தளங்களும் நம்முடையவைதான் என்று காட்டி, கூகுளின் 'சேர்ச் கொன்சோல்' என்ற இலவசச் சேவையில் முகவரி மாற்றத்தை அறிவிக்கலாம். சிறிய தளத்துக்கும் சில வாரங்கள் பிடிக்கலாம். இந்த வழிமாற்றத்தைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கும்படி கூகுளே சொல்கிறது. டுவிட்டர் 2023 யூலையில் 'எக்ஸ்' என்று பெயர் மாறி, 2024 மே மாதத்தில் முகவரியையும் மாற்றியது. ஆனாலும் பழைய முகவரியைக் கைவிடவில்லை. பழைய இணைப்பைத் தொட்டவர் புதிய இடத்துக்குத்தான் போனார். அவ்வளவு பெரிய நிறுவனமே அப்படியென்றால், நாம் பழைய பெயரை விட்டுவிடலாமா? பணம் கட்டாமல் விட்ட பெயரை வேறு எவரும் வாங்கலாம். நம் பெயரை நம்பி வருபவரை அவர் ஏமாற்றவும் கூடும்.

எங்கள் பழைய பெயர் யாரிடம் இருந்தது தெரியுமா? திட்டத்தில் வேலை செய்து வெளிநாடு போய்விட்ட ஒருவரின் மின்னஞ்சலில். அவரைத் தேடிப் பிடிக்க ஒரு வாரம் ஆனது. நல்ல காலம், தவணை முடிந்திருக்கவில்லை. தம்பி வழிமாற்றம் செய்து கொடுத்தார். மார்கழியில் புதிய பெயர் தேடலில் தெரியத் தொடங்கியது, தைப்பொங்கலுக்கு முன் இரண்டு ஓடர்கள் வந்தன. ஆனால் வழக்கமாக வாங்கிய ஒருவர் திரும்பி வரவேயில்லை. குழு கலைந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

நாம் தேடுபவர்களாக இருக்கும்போதும் இது உதவும். நட்டஈட்டுக்காக நாம் அலைந்த 'றெப்பியா' 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது. அதன் இடத்தில், 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இழப்பீடுகளுக்கான அலுவலகம் வந்தது. பழைய பெயரில் தேடி எடுத்த படிவத்தை நிரப்ப முன், பிரதேச செயலகத்தில் ஒருமுறை கேட்டுக் கொள்ளுங்கள்.

உங்கள் குழுவுக்கும் இணையத்தளம் இருந்தால், அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். பெயர் யாருடைய பெயரில் பதியப்பட்டிருக்கிறது? கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? தவணை எப்போது முடிகிறது? "தம்பிக்குத் தெரியும்", "மிஸ்ஸுக்குத் தெரியும்" என்பது பதிலல்ல. எனக்குத் தெரியும் என்றிருந்ததால்தான் மூன்று மாத வருமானம் போனது.

பொருளாளர் அக்கா இப்போது தவணைத் திகதியைக் கணக்குக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். கடவுச்சொல் எழுதிய கடதாசி, அவருடைய காணி உறுதியோடு ஒரே பெட்டியில் இருக்கிறது.