மருந்தோடு சோறும் வேண்டும்!

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் விடியுமுன் மூட்டை சுமக்கும் தோழர் இருமுகிறார். "பீடி இருமல்" என்கிறார். மில் தொழிலாளி "பஞ்சுத் தூசி" என்கிறார். நாற்று நடும் தாய் "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றையக் கூலி போச்சு! ஆகவே இருமல் நீள்கிறது. அது காசநோயாக இருந்தால்?

இந்நோய் பற்றிச் சென்னை ஆராய்ச்சி நிலையம் ஒன்று இரண்டு உண்மைகளை நிரூபித்திருக்கிறது. 1956-ல் தொடங்கிய அந்நிலையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றவர்களை வீட்டிலேயே விட்டும் ஒரே மருந்தைக் கொடுத்தது. ஓராண்டில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரேபோல் குணமடைந்தார்கள். 1959-ல் வெளியான இம்முடிவை உலகமே ஏற்றது. வீட்டிலிருந்தே குணமாகலாம் என்பது ஏழைக்குக் கிடைத்த பெரிய வெற்றி. ஆனால் அதன்பின் மாத்திரை மேல் இருந்த கவனம் சோற்றின் மேல் இல்லாமல் போயிற்று.

இரண்டாவது உண்மை 2023-ல் வந்தது. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்ற அதே நிலையம், ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தார் 10,345 பேரை ஆராய்ந்தது. ஒரு பகுதியினருக்கு மாதம் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை தரப்பட்டது. அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது!

இதன் பொருள் என்ன? வந்த கிருமியை மருந்து கொல்லும். வராமல் காக்க வயிறு நிறைய வேண்டும். அரைவயிற்றுக் கூலியும் நோய்க்குக் காரணமே.

சர்க்கார் என்ன செய்கிறது? 2018-ல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ஆக்கியது. நாளைக்கு 33 ரூபாய்! பருப்புக்கா, முட்டைக்கா, பாலுக்கா? குடும்பத்தாருக்கோ, கொடையாளர் மனம் வைத்தால்தான் உணவுக் கூடை. ஆராய்ச்சி நிரூபித்ததைத் தருமமாக விட்டுவைப்பது நியாயமா?

தோழர்களே! இரண்டு வாரம் இருமல் நின்றபாடில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், செலவில்லை. மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். நோயாளி வீட்டில் ஒவ்வொருவருக்கும் ரேஷனில் அரிசியும் பருப்பும், சிகிச்சைக் காலத்தில் கூலியும் கொடு என்று சங்கத்தின் மூலம் கேளுங்கள்.

இது பிச்சையல்ல, உரிமை!