டைம் டேபிள் போடச் சொல்லாதீங்கோ

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் உயர்தர மாணவர்களுக்கு 'நேர முகாமைத்துவக் கருத்தரங்கு' நடந்தது. எங்களில் நாலு பேர் போனோம். அதுக்காக இரண்டு பேர் பேப்பர் கிளாசை விட்டவை. வளவாளர் திரையில் நாலு பெட்டி கீறி, எது அவசரம், எது முக்கியம் எண்டு விளங்கப்படுத்தினார். பிறகு ஆளுக்கு ஒரு வெறும் டைம் டேபிள் தாளைத் தந்து, வீட்டை போய் நிரப்பச் சொன்னார்.

நிரப்பினோம். நிரப்பிப் போட்டுத்தான் இதை எழுதுறம்.

எங்களில் ஒருவன் கொட்டாஞ்சேனையில் இருக்கிறான், கணிதப் பிரிவு. கிளாசுக்கு வாறது வெள்ளவத்தைக்கு. அவன்ட கிழமையை எடுத்தம். மொத்தம் 168 மணித்தியாலம். பாடசாலை காலை 7.30இலிருந்து 1.30 வரை, ஐந்து நாள், அது 30. ரியூசன்: மூண்டு பாடம், ஒவ்வொண்டுக்கும் தியரி 4, ரிவிஷன் 4, பேப்பர் கிளாஸ் 3. ஆக 33. கவனியுங்கோ, பாடசாலையை விட மூண்டு மணித்தியாலம் கூட. 155 பஸ்ஸிலயும் காலி வீதி நெரிசலிலயும் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம், அது 14. நித்திரை ஆறு மணித்தியாலப்படி 42. (எட்டு மணித்தியாலம் நித்திரை கொள்ளோணும் எண்டு அந்த வளவாளரே சொன்னவர். எங்க சேர் வைக்கிறது?) சாப்பாடு, குளிப்பு, உடுப்புத் தோய்க்கிறது, வீட்டு வேலை எல்லாம் சேர்த்து நாளுக்கு மூண்டு, அது 21.

மிச்சம் 28. பரவாயில்லையே எண்டு நினைப்பீங்கள். ஆனா கிளாசில தாற பாஸ்ட் பேப்பரை வீட்டில இருந்து நேரம் பார்த்துச் செய்யோணும். இரசாயனவியல் முதலாம் பகுதி 2 மணித்தியாலம், இரண்டாம் பகுதி 3. பௌதிகவியலும் அப்படியே. இணைந்த கணிதம் இரண்டும் மும்மூண்டு. கிழமைக்கு ஒரு வருசத்துப் பேப்பர் மட்டும் செய்தாலே 16 மணித்தியாலம் போச்சு. மிஞ்சினது 12. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலமும் 43 நிமிசமும். அதுக்குள்ளதான் பாடசாலை ஒப்படை, செயலட்டை, விளங்காத பாடத்தைத் திருப்பிப் பார்க்கிறது, அப்பாவோட ரெண்டு வார்த்தை கதைக்கிறது எல்லாம். அதுவும் ஒரே துண்டா வராது. இருபது நிமிசம் இங்க, அரை மணித்தியாலம் அங்க.

இதை எந்தப் பெட்டிக்குள்ள போட்டு முகாமை செய்யிறது? கையில இல்லாத காசுக்கு வரவுசெலவுத் திட்டம் எழுதச் சொல்ற மாதிரி இருக்கு.

எங்கட தோழி ஒருத்தியின் தாளில் இன்னுமொரு வரி இருந்தது. பின்னேரம் ஆறரையிலிருந்து எட்டு வரை: சமையல், பாத்திரம், தம்பிக்குப் படிப்பிக்கிறது. தம்பியின் தாளில் அந்த வரி இல்லை. இதைப் பற்றி எந்தக் கருத்தரங்கிலும் ஸ்லைட் போட்டு நாங்கள் காணேல்ல.

ஒரே பாடத்தை மூண்டு தரம் காசு கட்டிப் படிக்கிற நிலைமை எப்படி வந்தது? எங்கட சோம்பேறித்தனத்தால வரேல்ல. எங்களில் ஒருத்திக்கு உயர்தர இரண்டாம் வருசம் முழுக்கப் பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. இன்னொருவனுக்கு ஆசிரியர் இருந்தார், ஆனா "விளக்கமா வேணுமெண்டா பின்னேரம் வாங்கோ" எண்டு சொல்ற ஆசிரியர். பாடத்திட்டம் பாடசாலையில் முடியாது எண்டது எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். அதிபருக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியும், கல்வி அமைச்சுக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டே பரீட்சைக்கு 80 வீத வரவு வேணும் எண்டு கேட்கினம். வெறும் வகுப்பில இருந்து மேசையைத் தட்டிக்கொண்டு அந்த வரவை நிரப்புறம்.

பெற்றோரைத் திட்ட எங்களுக்கு மனம் வராது. அவையின்ட பயத்துக்குக் காரணம் இருக்கு. 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற்றவர்கள் 166,938 பேர். அதில் மூன்றிலொரு பங்கினருக்குக்கூட அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை. அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்புப் பிள்ளைக்கு அந்த 5 இல் பங்கில்லை, மாவட்ட வெட்டுப்புள்ளியும் உச்சத்தில். பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைக்குக் குடுக்கிறது நியாயம்தான், அதில எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனா புளூமெண்டால் பக்கத்தில் ஒரே அறையில் அஞ்சு பேரோட இருந்து படிக்கிறவனும், கறுவாத்தோட்டத்தில் ஏசி அறையில் படிக்கிறவனும் ஒரே 'கொழும்பு மாவட்டம்' எண்டதையும் ஆராவது சொல்லத்தானே வேணும்.

2001இலிருந்து இசட் புள்ளி. நீங்கள் எவ்வளவு எடுத்தீங்கள் எண்டதை விட, சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் நிக்கிறீங்கள் எண்டதுதான் அதில கணக்கு. ஆடிவேல் தேர் பார்க்க முன்னுக்கு நிக்கிற ஒருவர் கதிரையில ஏறினா, பின்னுக்கு நிக்கிற எல்லாரும் ஏறோணும். கடைசியில ஒருத்தருக்கும் முந்தினதை விட நல்லாத் தெரியாது, கால் நோவு மட்டும் மிச்சம். ரிவிஷன் கிளாஸ், அதுக்கு மேல ஸ்பெஷல் ரிவிஷன், அதுக்கு மேல 'இறுதிக் கட்ட ரிவிஷன்' எல்லாம் அந்தக் கதிரைகள்தான். கதிரை வாடகைக்கு விடுறவருக்கு மட்டும் நல்ல வியாபாரம். நல்ல ஆசிரியர்களும் அங்க இருக்கினம், இல்லையெண்டு சொல்லேல்ல. எங்களில் பலர் இரசாயனவியலை விரும்பினதே ஒரு ரியூசன் சேரால.

திட்டமிடச் சொல்ற அரசாங்கத்தின்ட திட்டமிடலையும் பாருங்கோ. 2021க்கான உயர்தரம் 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022க்கானது 2023 ஜனவரியில். 2023க்கானது 2024 ஜனவரியில். அடுத்த பிரிவுக்கு நவம்பரிலேயே வந்திட்டுது. கொரோனாவையும் பொருளாதார நெருக்கடியையும் ஆரும் கேட்டு வாங்கேல்ல, அது விளங்குது. 2024 நவம்பரில் வெள்ளத்தால் பரீட்சை இடையில நிண்டதுக்கும், அடுத்த வருசம் டித்வா புயலால மிச்சப் பாடங்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளுப்பட்டதுக்கும் ஆரையும் குற்றம் சொல்ல ஏலாது. ஆனா திகதி எப்ப மாறும் எண்டு தெரியாம வாழுற பிள்ளையைப் பார்த்து, "ஆறு மாதத்துக்கு முன்னமே திட்டம் போட்டிருக்க வேணாமா?" எண்டு மட்டும் கேட்காதீங்கோ.

ரியூசன் பற்றி அரசாங்கம் கறாரா நிக்கிற ஒரே நேரம், பரீட்சைக்குச் சில நாள் இருக்கேக்க. அண்டைக்கு நள்ளிரவோட வகுப்புகள், கருத்தரங்குகள் எல்லாம் தடை எண்டு பரீட்சைத் திணைக்களம் அறிவிக்கும். இரண்டு வருசம் மூச்சு விட விடாம ஓட விட்டுப்போட்டு, கடைசிக் கிழமையில "இப்ப ஆறுதலா இரு பிள்ளை" எண்ட மாதிரி.

போனைப் பற்றிச் சொல்லாம விட்டா "அதை மறைச்சிட்டீங்கள்" எண்டு வருவீங்கள். ஓம், பார்க்கிறம். சில நாள் நிறையப் பார்க்கிறம். ஆனா சூம் ரெக்கோர்டிங் வாறது அதில, டியூட் வாறது வட்சப்பில, நாளைக்கு கிளாஸ் இல்லை எண்ட செய்தி இரவு பதினொண்டுக்கு வாறதும் அதில. வகுப்பறையையும் விளையாட்டு மைதானத்தையும் ஒரே பெட்டிக்குள்ள வைச்சு எங்கட கையில தந்தது நாங்கள் இல்லை.

எங்களுக்கு வேண்டியது பெரிய சீர்திருத்தம் எண்டு இல்லை. பாடத்திட்டத்தைப் பாடசாலையில் முடியுங்கோ. முடிக்க ஆசிரியர் இல்லாட்டி, இரண்டாம் வருசத்துப் பிள்ளைகளை வெறும் வகுப்பில இருத்தி வரவு எடுக்காம, அந்த நேரத்தைப் படிக்கத் தாங்கோ, நூலகத்தைத் திறந்து விடுங்கோ. கடைசித் தவணையில் மூண்டு பாடத்து ஒப்படையும் ஒரே கிழமையில் வந்து விழாம, ஆசிரியர்கள் ஒருக்கா தங்களுக்குள்ள கதைக்கலாம். நேர முகாமைத்துவத்தை அங்கயிருந்து தொடங்கினா நல்லம். கருத்தரங்கு வைக்கிற சங்கங்களுக்கு ஒண்டு: அந்த மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமையில் மேசை, கதிரை, மின்விசிறியோட சும்மா திறந்து வையுங்கோ. பேச்சாளர் வேண்டாம். கொட்டாஞ்சேனையில் இருந்தும் பிள்ளைகள் வருவினம், பஸ் காசு போட்டு.

நாங்கள் எங்கட பக்கத்தில் ஒண்டு தொடங்கியிருக்கிறம். நாலு பேரும் ஆளுக்கு ஒரு ரிவிஷன் கிளாசை நிப்பாட்டி, டியூட்டை மாற்றி மாற்றிக் குடுத்து, ஞாயிறு காலையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் இருந்து படிக்கிறம். மூண்டு கிழமை ஆச்சு. விளங்காத இடத்தில நிண்டு, விளங்கும் வரைக்கும் நிக்க நேரம் கிடைக்குது. போன கிழமை ஒரு சமநிலைக் கணக்கோட ஒண்டரை மணித்தியாலம் மல்லுக்கட்டி, கடைசியில பிழை எங்களில இல்லை, டியூட்டில அச்சுப் பிழை எண்டு கண்டுபிடிச்சம். இரண்டு பேர் இன்னும் வீட்டில சொல்லேல்ல.