குறுந்தகட்டில் காணாமற்போன காவலன்



உங்கள் தாத்தாவோ பாட்டியோ தங்கள் இளமையில் பார்த்த திரைப்படம் ஒன்றைப் பற்றி ஆசையோடு பேசக் கேட்டிருப்பீர்கள். நீங்களும் ஆவலோடு அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். படம் மங்கலாக இருக்கும். முகங்கள் மெழுகு பூசியவை போலத் தெரியும். குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். "அந்தக் காலத்துப் படம், அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு முடிவுக்கு வந்து பாதியில் நிறுத்தியிருப்பீர்கள்.

அந்த முடிவு பெரும்பாலும் தவறானது என்பது என் கருத்து. நீங்கள் பார்த்தது படத்தை அன்று. படத்தின் ஒரு நகலை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு என்பதை நான் அறிந்துகொண்ட கதையை முதலில் சொல்கிறேன்.

2002ஆம் ஆண்டு. நான் இயற்பியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் வீட்டுக்கு வி.சி.டி. கருவி வந்தது. அப்பா தம் இளமையில் கொட்டகையில் நான்கு முறை பார்த்த அகலத்திரைப் படம் ஒன்றின் குறுந்தகட்டை வாங்கி வந்தேன். அரசவைக் காட்சி வந்தது. அப்பா திரையருகே நகர்ந்து உட்கார்ந்தார். "ஏண்டா, தூணுக்குப் பக்கத்திலே காவலாளி ஒருத்தன் நிப்பானே, எங்கே? ராஜா பேசப் பேச அவன் கை வாளுக்குப் போகும். அதைப் பார்த்துத்தானே கொட்டகையே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது!" என்றார்.

திரையில் அரசர் மட்டுமே இருந்தார். தூணும் இல்லை, காவலனும் இல்லை. "முப்பது வருஷம் ஆச்சேப்பா, வேற படத்தை நினைச்சுச் சொல்றீங்க" என்றேன் நான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் எழுந்து போய்விட்டார்.

சில ஆண்டுகள் கழித்து அதே படம் முழு அகலத்தில் தொலைக்காட்சியில் வந்தது. இடது ஓரத்தில் தூண் இருந்தது. தூணருகே காவலன் நின்றான். அவன் கை மெல்ல வாளை நோக்கிப் போயிற்று. "இதோ நிக்கிறான் பார்" என்றார் அப்பா. எனக்குத் தலை குனிந்தது. அளவிடக் கற்றுக்கொண்ட நான், அளந்து பார்க்காமலே ஒரு சாட்சியைப் பொய்யாக்கியிருந்தேன்!

அந்தக் காவலன் எங்கே போனான்? இப்போது அளந்து பார்ப்போமா?

தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வெளிவந்த 'ராஜராஜ சோழன்'. இவ்வகைப் படங்களில் உயரம் 1 என்றால் அகலம் சுமார் 2.35. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் உயரம் 1 என்றால் அகலம் 1.33தான். அகலமான படத்தை இந்தச் சதுரப் பெட்டியில் காட்ட இரண்டு வழிகள் உண்டு. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு, படத்தைச் சிறிதாக்கி முழுமையாகக் காட்டலாம். அல்லது உயரத்தை நிரப்பிவிட்டு, இரு பக்கங்களையும் வெட்டிவிடலாம். இரண்டாவது வழியில் மிஞ்சுவது எவ்வளவு? 1.33ஐ 2.35ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 0.57 வரும். அதாவது நூற்றுக்கு 43 பங்கு படம் வெளியே போய்விடுகிறது. காவலன் அந்த 43 பங்கில் இருந்தான்.

இது முதல் இழப்பு. இரண்டாவது இழப்பு கண்ணுக்குத் தெரியாது; காதுக்குத் தெரியும். திரைப்படச் சுருள் நொடிக்கு 24 படங்கள் வீதம் ஓடுகிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சி பின்பற்றிய 'பால்' முறை நொடிக்கு 25 படங்களைக் காட்டுவது. ஆகவே அம்முறையில் நகல் எடுப்பவர்கள் படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் வேகம் கூடினால் ஒலியின் அதிர்வெண்ணும் கூடும் அல்லவா? 440 ஹெர்ட்ஸில் பாடிய சுரம் சுமார் 458 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். இது ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம். பழைய பாடலோடு சேர்ந்து புல்லாங்குழல் வாசிக்கப் பார்த்து, சுருதி சேராமல் தவிக்கும் மாணவர் தம் குழலைக் குறை சொல்வதற்கு முன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சுருதியைத் திருத்தித் தர வழி உண்டு. பல நகல்களில் யாரும் அதைச் செய்யவில்லை.

மூன்றாவது இழப்பு நுணுக்கத்தில். வி.சி.டி.யில் ஒரு படம் என்பது குறுக்கே 352, நெடுக்கே 288 புள்ளிகள். பெருக்கினால் 1,01,376. புளூ-ரே தகட்டில் 1920ஐ 1080ஆல் பெருக்க வேண்டும், 20,73,600 புள்ளிகள். நெகடிவ் எனப்படும் மூலச் சுருளை '4கே' அளவில் முழுமையாக வருடி எடுத்தால் ஒரு படத்துக்கு 4096ஐ 3112ஆல் பெருக்கிய அளவு, அதாவது ஒரு கோடியே இருபத்தேழு லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள்! வி.சி.டி.யைப் போல ஏறத்தாழ 125 மடங்கு.

அந்த ஒரு லட்சம் புள்ளிகளாவது ஒழுங்காக வந்தனவா? அவற்றை அப்படியே பதிவதானால் நொடிக்குச் சுமார் 3 கோடி பிட் தேவை. வி.சி.டி. படத்துக்கு ஒதுக்குவது நொடிக்கு சுமார் 11.5 லட்சம் பிட்தான். இருபத்தாறில் ஒரு பங்கு. மீதியை எப்படிச் சமாளிக்கிறார்கள்? முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் பதிவது ஒரு தந்திரம். சுவர் முன் ஒருவர் நின்று பேசினால் இது நன்றாகவே வேலை செய்யும். மழை பெய்தால், அலை அடித்தால், குதிரைப்படை ஓடினால் எல்லாப் புள்ளிகளும் ஒரே சமயத்தில் மாறும். ஒதுக்கிய பிட்டுகள் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். போர்க்களக் காட்சியில் தாயக் கட்டம் போல் சதுரங்கள் தோன்றுவது இதனால்தான்.

"ஐயா, அதெல்லாம் பழைய கதை. இப்போது அதே படம் 'ஹெச்.டி.' என்ற பெயரோடு கிடைக்கிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் நான் உங்களை எச்சரிக்க விரும்புகிறேன். ஒரு சிறு சோதனை செய்யுங்கள்.

ஒரு கட்டத்தாளில் நண்பரின் முகத்தை வரையுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் அதன் சராசரிக் கருமைக்கு ஏற்ப ஒரே நிறமாக நிரப்பி, இன்னொரு தாளில் படி எடுங்கள். இந்த இரண்டாவது தாளை மட்டும் வேறொரு மாணவரிடம் கொடுத்து, முதல் படத்தைத் திரும்ப வரையச் சொல்லுங்கள். பத்து மடங்கு பெரிய தாள் வேண்டுமானாலும் கொடுங்கள். கண் இமை மயிரை அவரால் வரைய முடியுமா? ஊகித்து வரையலாம். ஆனால் அது உங்கள் நண்பரின் இமையாக இராது.

புள்ளிகளின் எண்ணிக்கையைப் பெருக்கலாம். தொலைந்த செய்தியைப் பெருக்க முடியாது. வீடியோ நாடாவிலிருந்து எடுத்த நகலைப் புளூ-ரே தகட்டில் பதிந்தாலும் அது வீடியோ நாடாப் படமே. சாதாரண வி.ஹெச்.எஸ். நாடா சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் வரைதான் படச்செய்தியைத் தாங்கும். தொலைக்காட்சி ஒளிபரப்பே சுமார் 5 மெகாஹெர்ட்ஸ் வரை அனுப்பியது. எவ்வளவு பெரிய அண்டாவாக இருந்தால் என்ன, ஊற்றியது ஒரு படி பால் என்றால் இருப்பதும் ஒரு படி பால்தான்! உறையில் பொன்னெழுத்தில் 'டிஜிட்டல்' என்று அச்சடிப்பதால் இது மாறிவிடாது.

ஒலியிலும் இதே கதைதான். பழைய படங்களின் ஒலி, சுருளின் ஓரத்தில் ஒளித்தடமாகப் பதிவானது. அதில் 'உஸ்' என்ற இரைச்சல் உண்டு. இரைச்சலை நீக்குகிறேன் என்று உயர் அதிர்வெண்களை ஒட்டுமொத்தமாக வெட்டினால், 'ச', 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகளின் கூர்மையும் சேர்ந்து போகும். ஏனெனில் அவற்றின் ஆற்றல் பெரிதும் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கிறது. வசனம் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும். ஒற்றைத் தடத்தில் பதிவான ஒலியை எதிரொலி கூட்டி ஆறு ஒலிபெருக்கிகளுக்குப் பங்கிட்டு, 'ஆறு தட ஒலி' என்று விற்பதும் உண்டு. அது புதிய செய்தி அன்று. பழைய செய்தியின் மேல் பூசிய சாயம்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். வி.சி.டி. மலிவானது. நகரத்துக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே படத்தைக் கொண்டு சேர்த்தது. அதன் பகுதிறன் குறைவு என்பது தொழில்நுட்பத்தின் எல்லை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பக்கங்களை வெட்டியது எல்லையா? கிடைத்த தேய்ந்த பிரதியிலிருந்து அவசரமாக நகல் எடுத்தது எல்லையா? படத்தின் நடுவே நிறுவனத்தின் பெயரை விடாமல் மிதக்கவிட்டது எல்லையா? இவை கவனக்குறைவு. எல்லையையும் கவனக்குறைவையும் பிரித்தறிவது அறிவியல் மாணவரின் முதற்கடமை. ஆய்வகத்தில் கருவியின் பிழையையும் நம் கைப்பிழையையும் தனித்தனியே எழுதுகிறோம் அல்லவா?

மூலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1955இல் வெளிவந்தது. அதுவும் அதன் தொடர்ச்சியான மற்ற இரு படங்களும் 'அபு' முப்படங்கள் எனப்படும். இவற்றின் மூலச் சுருள்கள் 1993இல் லண்டனில் ஒரு படச்சாலையில் ஏற்பட்ட தீயில் சிக்கின. கருகி, சுருங்கி, ஒட்டிக்கொண்ட அந்தச் சுருள்களை யாரும் வீசி எறியவில்லை. அமெரிக்காவின் அகாடமி ஆவணக் காப்பகம் அவற்றைக் காத்து வைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து இத்தாலியின் போலோன்யா நகர வல்லுநர்கள், காய்ந்து முறுகிய சுருளை வேதிக் கரைசலால் பதப்படுத்தி இளக்கி, கையால் ஒட்டுப் போட்டு, பயன்படக்கூடிய பகுதிகளை 4கே அளவில் வருடி எடுத்தார்கள். எடுக்க முடியாத இடங்களை வேறு நல்ல பிரதிகளிலிருந்து நிரப்பினார்கள். 2015இல் மூன்று படங்களும் புதுப்பொலிவோடு திரைக்கு வந்தன. தீயில் கருகிய மூலத்திடம், தீப்படாத நாடா நகலிடம் இல்லாத செய்தி இருந்தது!

ஆனால் மூலங்கள் நமக்காகக் காத்திருக்கமாட்டா. அசிட்டேட் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். டப்பாவைத் திறந்தால் காடி நெடி அடிக்கும். பழைய வண்ணப் பிரதிகளில் சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விட, படம் முழுவதும் செக்கச்செவேல் என்றாகிவிடும். குளிர்ந்த, உலர்ந்த அறை இந்த வினைகளின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும் படம். இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. நல்ல நகல் கேட்க நமக்கு வழியே இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, படங்களை வெளியிடுவோருக்கு: இந்த நகல் எதிலிருந்து எடுக்கப்பட்டது, மூலச் சுருளா, கொட்டகைப் பிரதியா, வீடியோ நாடாவா, முழு அகலம் இருக்கிறதா, வேகம் மாறியிருக்கிறதா என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். மருந்துப் புட்டியில் உள்ளடக்கம் எழுதுகிறோம். படத்துக்கு எழுதினால் என்ன?

மற்றொன்று உங்களுக்கு. பழைய படம் ஒன்றைப் பார்க்கும்போது, "இது மூலத்திலிருந்து எத்தனையாவது கை?" என்று கேளுங்கள். வட்டமான தட்டோ, தேர்ச் சக்கரமோ முட்டை வடிவில் தெரிந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கிறது. பெயர் எழுத்துகள் ஓரத்தில் பாதி வெட்டுண்டிருந்தால் படம் வெட்டப்பட்டிருக்கிறது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் படத்தைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் படத்தைக் கொட்டகையில் பார்த்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் ஏதாவது காணவில்லை என்று சொன்னால், "உங்களுக்கு மறந்துபோச்சு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதலில் அளவுகோலை எடுங்கள்.