நல்ல தண்ணீர் எது?



கோடை விடுமுறை நெருங்கும்போது பெங்களூரில் வாழும் நம்முடைய வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளைகளுக்கு ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா?" என்பதே அது. தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஆம்பூருக்கும் செல்லுகிற குடும்பங்கள் துணிமணிகளோடு தண்ணீர்ப் புட்டிகளையும் கட்டிக்கொண்டு பேருந்து ஏறுகின்றன. ஊரிலிருக்கும் பாட்டிக்கோ இது மனவருத்தம். "நாங்கள் அறுபது வருஷமாய்க் குடிக்கிற தண்ணீர்தானே? எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்று கேட்பார்கள். பெரியவர்களின் மனம் நோகாமலும், பிள்ளைகளின் சரீரசுகம் கெடாமலும் இந்தக் கேள்விக்கு விடை காண்பது எப்படி என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

நம் முன்னோர் தண்ணீரை நாவினால் பிரித்தார்கள். பருப்பு வேகுமானால், குடிக்கச் சுவையாயிருக்குமானால் அது நல்ல தண்ணீர். கரிக்குமானால் அது உப்புத் தண்ணீர். குளிக்கவும் துவைக்கவும் மட்டுமே உதவும். இந்தப் பாகுபாடு அனுபவத்தால் பிறந்தது, இன்றும் பயனுள்ளதே. ஆனாலும் குழாய்த் தண்ணீரில் உள்ள இரண்டு பெரிய ஆபத்துகளை நாவு அறியாது. ஒன்று, வழியிலே சேருகிற நோய்க்கிருமி. மற்றொன்று, பூமிக்குள்ளிருக்கும் பாறையிலிருந்தே கரைந்து வரும் ஃபுளோரைடு. முந்தியது அடுப்பிலே அழியும். பிந்தியது எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது. இரண்டுக்கும் ஒரே மருந்து என்று எண்ணுவதால்தான் அநேக வீடுகளில் பாதிக் காவலோடு திருப்தியடைந்துவிடுகிறோம்.

வழியிலே சேரும் கேடு

பெங்களூரிலிருந்து ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்ரதுர்கா நகரத்தில் கவாடிகரஹட்டி என்ற பகுதி உள்ளது. 2023 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் அங்கே குழாய்த் தண்ணீரைக் குடித்த குடும்பங்களில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவின. நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். குறைந்தது ஐந்து பேர் மரித்துப்போனார்கள். அவர்கள் யாவரும் தங்கள் தெருக்குழாயைத் திறந்து, வழக்கம்போல் குடத்தை நிரப்பியவர்களே. குடிநீரே காலனாய் வரக்கூடும் என்பதற்கு நம்முடைய மாநிலத்திலேயே நடந்த இந்தத் துயரம் ஒரு சாட்சி.

சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுப் புறப்படும்போது பெரும்பாலும் தண்ணீர் நலமாகவே இருக்கிறது. அதில் குளோரின் கலக்கிறார்கள். வீட்டுக்குழாய்க்கு வந்து சேரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மீதமிருக்கவேண்டும், 100 மில்லிலிட்டர் தண்ணீரில் ஈ.கோலி என்னும் மலக்கிருமி ஒன்றுகூடக் காணப்படக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. கெடுதி நேருவது பெரும்பாலும் கடைசித் தெருக்களிலேதான்.

அது எப்படியென்றால், சிற்றூர்களில் தண்ணீர் நாள்முழுதும் வருவதில்லை. தினமும் ஒரு மணிநேரமோ, இரண்டு நாளைக்கு ஒருமுறையோ வருகிறது. மற்ற வேளைகளில் குழாய் வெறுமையாய்க் கிடக்கிறது. சாக்கடை ஓரமாய்ச் செல்லும் குழாயில் சிறு விரிசல் இருந்தால், தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது அது வெளியே கசியும். அழுத்தம் நின்றவுடன் வெளியிலுள்ள அழுக்கு உள்ளே இழுக்கப்படும். குழாயிலேயே நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் இந்த இழுப்பை இன்னும் பெருக்குகின்றன. தன் வீட்டுத் தொட்டி நிரம்பவேண்டும் என்று ஒருவர் செய்கிற காரியம், அடுத்த வீட்டுக் குழந்தையின் டம்ளருக்குச் சாக்கடையைக் கொண்டுவரக்கூடும்.

ஆகையால் தண்ணீர் திறந்துவிடப்பட்டவுடன் முதலில் வருவதைக் குடிக்கப் பிடியாதிருங்கள். நிறமும் வாடையும் தெளியும்வரை அதைக் கழுவுவதற்கும் செடிகளுக்கும் பயன்படுத்துங்கள். குடிக்கிற தண்ணீரைக் குமிழிகள் பொங்கி எழும்வரை கொதிக்கவைத்து, அதன்பின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிடுங்கள். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவைப்பது உத்தமம். கொதித்த தண்ணீரை, நேற்றைய தண்ணீர் மிச்சமிருக்கும் குடத்தில் ஊற்றினால் எரிவாயு செலவானதுதான் மிச்சம். கையை உள்ளே விட்டு மொண்டாலும் அப்படியே. நீண்ட பிடியுள்ள கரண்டியோ, குழாய் வைத்த பாத்திரமோ போதும்.

சிலர், "மருந்து வாடை வீசுகிறது" என்று குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒதுக்கிவிட்டு, வாடையற்ற கிணற்றுத் தண்ணீரைத் தேடுவார்கள். அந்த இலேசான வாடை காவல்காரன் விழித்திருக்கிறான் என்பதற்கு அடையாளம். அதற்காக அஞ்சவேண்டாம்.

பாறையிலிருந்தே வரும் கேடு

இரண்டாவது ஆபத்து சத்தமில்லாமல் வருவது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும், கர்நாடகத்தின் கோலார், சிக்கபள்ளாபுரா மாவட்டங்களிலும் நிலத்தடியிலுள்ள கடினமான பாறைகளில் ஃபுளோரைடு இயற்கையாகவே இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் நெடுங்காலம் பாறையோடு தங்கியிருப்பதால் அது நீரில் கரைகிறது. அந்தத் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாயிருக்கும். அதில் வாடை இராது. நாவுக்குச் சுவையாகவும் இருக்கலாம்.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் நம்முடைய தேசத்தின் தர நிர்ணயம் வரையறுக்கிறது. அதற்கு மேற்பட்டதைப் பல ஆண்டுகள் குடித்தால் முதலில் பற்களிலும், பின்பு எலும்புகளிலும் பாதிப்பு ஏற்படும். இது புதிதாய்க் கண்டுபிடித்த நோயல்ல. 1937-ஆம் ஆண்டிலேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் எலும்புகள் இறுகி முடங்கிய மக்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள்.

பிள்ளைகளின் நிரந்தரப் பற்கள் ஏறக்குறைய எட்டு வயதுவரை ஈறுக்குள்ளேயே உருவாகின்றன. அந்த வயதில் குடித்த தண்ணீர், பல் முளைத்தபின்பு வெள்ளைத் திட்டாகவோ பழுப்புக் கோடாகவோ தன்னை வெளிப்படுத்தும். எத்தனை முறை துலக்கினாலும் அது போகாது. ஒழுங்காய்ப் பல் துலக்கவில்லை என்று அந்தப் பிள்ளையைக் கண்டிப்பது அநியாயம். வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிய வாலிபப் பெண்கள் எத்தனையோ பேர்! பெரியவர்களுக்கோ முதுகும் முழங்காலும் இறுகிப்போகும். வயதினால் வந்தது என்று நாம் எண்ணிக்கொள்ளும் வலிகளில் சில, தண்ணீரால் வந்தவையாக இருக்கக்கூடும்.

இந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகும், ஃபுளோரைடு தங்கிவிடும். மெழுகுவர்த்தி போன்ற வெள்ளைக் குழல் பொருத்திய சாதாரண வடிகட்டியும், புறஊதா விளக்குள்ள இயந்திரமும் இதை நீக்கமாட்டா. ஆர்.ஓ. இயந்திரம் நீக்கும். அது பழுதில்லாமல் பராமரிக்கப்படுவது அவசியம்.

ஒரே நதி, இரண்டு வீடுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு இந்தக் கேட்டிலிருந்து விடுதலை தருவதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பானிய நிதியுதவியோடு நிறைவேற்றப்பட்டு, 2013 மே மாதத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகிய நகரங்களுக்கும், ஆயிரக்கணக்கான கிராமக் குடியிருப்புகளுக்கும் காவிரி நீரைச் சுத்திகரித்துக் கொண்டுவருவது அதன் நோக்கம்.

பெங்களூருக்கும் இதே காவிரிதான். 1974-இல் முதற்கட்டமாக நகருக்கு வந்த நதிநீர், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரம் குழாயில் பயணம்செய்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு மேலேற்றப்பட்டு நம்மிடம் வருகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம், நகரோடு இணைந்த 110 கிராமங்களுக்காக நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவருவதற்கு ஏற்பட்டது. ஆக, மகன் பெங்களூரில் ஒரு குழாயிலும், தாய் பென்னாகரத்தில் ஒரு குழாயிலும் ஒரே நதியைக் குடிக்கக்கூடிய காலம் இது.

ஆனாலும் குழாய் ஒன்றாயிருப்பதால் தண்ணீரும் ஒன்று என்று சொல்லமுடியாது. ஆற்றுநீர் வரத்துக் குறையும் நாட்களில் உள்ளூர் ஆழ்துளைக் கிணற்று நீரையும் அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றுவது பல ஊர்களில் உள்ள வழக்கம். காவிரித் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வந்தால், வீட்டு போர்வெல்லே எப்போதும் கைகொடுக்கிறது என்று முதியோர் அதையே குடித்துவிடுவார்கள். பெங்களூரிலும் அப்படியே. ஆனேக்கல், அத்திப்பள்ளி, ஹோஸ்கோட்டே பக்கங்களில் குடியிருக்கும் நம் குடும்பங்களில் அநேகர் போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியிருக்கிறார்கள். டேங்கர் எங்கே நிரப்பப்படுகிறது என்று கேட்பவர் சிலரே.

"ஜெபித்துத்தானே குடிக்கிறோம்?"

நம்மில் சிலர் இவ்விதமாய்ச் சொல்லுவதுண்டு. விசுவாசத்தோடு சொல்லும் வார்த்தையைக் குறைகூறவில்லை. ஆயினும் எரிகோ பட்டணத்து மனுஷர் தங்கள் ஊர்த் தண்ணீர் கெட்டது என்று எலிசாவிடம் முறையிட்டதை நினைத்துப்பாருங்கள். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் அவர்களை அனுப்பிவிடவில்லை. அவர் நீரூற்றண்டைக்கே போனார். நாமும் தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது என்று தேடிப்போவது அவிசுவாசமாகாது. ஸ்தோத்திரம் செலுத்துகிற வாயும், அடுப்பைப் பற்றவைக்கிற கையும் ஒரே சரீரத்திலுள்ளவைதானே.

செய்யவேண்டியவை

ஊருக்குப் புறப்படுமுன் தொலைபேசியில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குடிக்கிற தண்ணீர் ஆற்றுநீரா, போர்வெல்லா, இரண்டும் கலந்ததா? எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? வீட்டுத் தொட்டியைக் கடைசியாய் எப்போது கழுவினீர்கள்?

ஆற்றுநீர் என்றால் கொதிக்கவைப்பது போதும். போர்வெல் என்றாலோ, இரண்டும் கலந்தது என்றாலோ, கொதிக்கவைப்பதோடு ஒருமுறையாவது சோதித்தறியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. கட்டணம் செலுத்தி எவரும் சோதிக்கலாம். ஃபுளோரைடு சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் தண்ணீர் எடுத்துச் செல்லலாம். கிருமி சோதனைக்கு மட்டும் ஆய்வுக்கூடத்திலேயே கிருமிநீக்கிய புட்டியைக் கேட்டு வாங்கவேண்டும். அளவு 1.5-க்கு மேல் என்று தெரியவந்தால், குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மாத்திரம் வேறு தண்ணீர் ஏற்பாடு செய்யுங்கள். குளிக்கவும் துவைக்கவும் அதே தண்ணீர் தடையில்லை.

ஒரே நாளில் தெருவிலே இரண்டு மூன்று வீடுகளில் வயிற்றுப்போக்கு கண்டால், அவரவர் வீட்டு உணவின்மேல் பழிபோட்டு இருந்துவிடாதிருங்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நகராட்சிக்கும் அறிவியுங்கள். அந்தக் குழாயில் குடிப்பதை நிறுத்துங்கள். வியாதிப்பட்டவருக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். அது கிடையாதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். குழந்தை சோர்ந்துபோனாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

சபைகளுக்கும் ஒரு வார்த்தை. உபவாசக் கூட்டங்களிலும் கன்வென்ஷன் நாட்களிலும் ஒரு டிரம்மும் ஒரு டம்ளரும் வைத்து, ஒவ்வொருவரும் முக்கி எடுக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. குழாய் பொருத்திய பாத்திரம் வாங்குவது பெரிய செலவல்ல. ஆலயத்தின் சம்ப்பையும் மேல்தொட்டியையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவும் பொறுப்பை வாலிபர்கள் ஏற்றுக்கொள்ளலாமே.

மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புகிற பிள்ளைகளே, இந்த விடுமுறையில் அம்மா குடிக்கிற தண்ணீரில் ஒரு லிட்டரை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச்செல்லுங்கள். அறுபது வருஷமாய் அவர்கள் நல்லது என்று நம்பிக் குடித்த தண்ணீர் உண்மையாகவே நல்லதாயிருந்தால், அந்தத் தாளை அவர்களுக்கு வாசித்துக்காட்டுங்கள், அவர்கள் மகிழுவார்கள். அப்படியில்லையென்றால், அவர்களோடு வளருகிற பேரப்பிள்ளைகளின் பற்களையாவது காப்பாற்ற இன்னும் காலமிருக்கிறது.