சாமைக்காக சட்டசபையில் பேசுங்க

சேந்தமங்கலம் பழங்குடியினர் தனித்தொகுதி. எங்கள் எடப்புளி நாடும் அதில்தான். எம்.எல்.ஏ. மலைக்கு வந்தால் ரோடு, தெருவிளக்கு, சமுதாயக்கூடம் என்று செஞ்ச வேலையைச் சொல்வார். வேண்டியதுதான், குறை சொல்லல. ஆனால் தொகுதி நிதியால் முடியாத காரியம் ஒன்று இருக்கு.

2023-ல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பிச்சாங்க. தருமபுரி விவசாயிகளிடம் அரசே கேழ்வரகு கொள்முதல் செய்தது. கொல்லிமலைச் சாமைக்கும் அதே வழியைக் கேட்கலாமே!

சாமையை விட்டுட்டு நம்ம சனம் மரவள்ளிக்குப் போனது காசு ஆசையால் மட்டுமில்லை. மரவள்ளியைப் பிடுங்கி அப்படியே சேகோ ஆலைக்கு லாரியில் ஏத்திடலாம். சாமையை உரலில் போட்டுக் குத்தி உமி நீக்கணும். உலக்கை பிடிச்சது எல்லாம் பெண்கள் கைதான். அந்தப் பாடு ஆம்பளைங்களுக்கு அவ்வளவாத் தெரியாது. எரு மட்டும் போட்டே விளையுற பயிர், குத்த ஆளில்லாமல் காட்டை விட்டுப் போச்சு. அதனால் கொள்முதலோடு நாட்டுக்கு ஒரு உமி நீக்கும் மெஷினும் சேர்த்தே கேட்கணும்.

வர்ற கிராம சபையில் இதைத் தீர்மானமாப் போட்டு, நகலை எம்.எல்.ஏ. கையில் கொடுங்க. அடுத்த தடவை அவர் வரும்போது, வேளாண் மானியக் கோரிக்கையில் இதைப் பேசினாரா, அமைச்சர் என்ன பதில் சொன்னார்னு கேளுங்க.