தீவகத்தின் பிரதிநிதி யாருக்குக் கடமைப்பட்டவர்?

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடல் சூழ்ந்து கிடக்கும் தீவுகள் பாராளுமன்றத்துக்குத் தமக்கென ஓர் உறுப்பினரை அனுப்பிய காலம் ஒன்றிருந்தது. ஊர்காவற்றுறைத் தொகுதி என்பது அதன் பெயர். நெடுந்தீவுக் கடற்றொழிலாளியும், வேலணைக் கமக்காரரும், நயினாதீவு ஆசிரியரும், கொழும்பில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றுப் புங்குடுதீவுக்குத் திரும்பிய எழுதுவினைஞரும் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். அவர் செயல் பிடிக்காதபோது அடுத்த தேர்தலில் அவரையே வீட்டுக்கு அனுப்பினர். 1947 இலும் 1952 இலும் திரு. அல்பிரட் தம்பிஐயாவைத் தெரிந்த மக்கள், 1956 இல் தமிழரசுக் கட்சியின் திரு. வி. ஏ. கந்தையாவைத் தெரிந்தமை இதற்குச் சான்று.

திரு. கந்தையா மறைந்தபின், 1963 இல் நடந்த இடைத்தேர்தலில் அத்தொகுதிக்கு வந்தவர் திரு. வ. நவரத்தினம். கரம்பொன்னைச் சேர்ந்தவர், சட்டம் பயின்றவர், 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவர். 1965 பொதுத்தேர்தலிலும் தீவக மக்கள் அவரையே அனுப்பினர். அவ்வாண்டிலேதான் டட்லி சேனநாயக்காவுக்கும் தந்தை செல்வநாயகத்துக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்டது. தமிழரசுக் கட்சியும் அரசாங்கத்தோடு சேர்ந்தது. உடன்படிக்கையில் உறுதியளிக்கப்பட்ட மாவட்ட சபைகளோ, 1968 இல் எதிர்ப்புக்கு அஞ்சிக் கைவிடப்பட்டன.

அதே 1968 இல் ஆட்களைப் பதிவு செய்து அடையாள அட்டை வழங்கும் சட்டமூலம் வந்தது. குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழருக்கு அது தீங்காய் முடியும் என அஞ்சிய திரு. நவரத்தினம், கட்சியின் போக்குக்கு மாறாக அதனை எதிர்த்து நின்றார். தாம் கட்டிய வீட்டைவிட்டுத் தாமே வெளியேற வேண்டியதாயிற்று. 1969 இல் தமிழர் சுயாட்சிக் கழகத்தை அமைத்தார்.

கட்சியின் சின்னத்தில் வென்றவர் கட்சியை எதிர்க்கலாமோ என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வியே. கட்டுப்பாடு இல்லாத கட்சி சிறுபான்மை மக்களுக்குப் பயன்படாது. ஆயினும், வாக்களித்தவர் கட்சிச் சின்னத்துக்கு மாத்திரமன்றி ஒரு மனிதரின் அறிவுக்கும் மனச்சாட்சிக்கும் சேர்த்தே வாக்களிக்கின்றனர். அவ்விரண்டையும் அடகு வைத்தவர் பிரதிநிதி ஆகார். கையுயர்த்தும் பொம்மையே ஆவார். திரு. நவரத்தினம் செய்தது சரியா பிழையா என்று தீர்ப்புக்கூற உரியவர்கள் தீவக மக்களே. 1970 இல் அவர் அவர்களிடமே திரும்பிச் சென்றார். மக்கள் தமிழரசுக் கட்சியின் பண்டிதர் கா. பொ. இரத்தினத்தை வெல்லவைத்தனர்.

காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்! 1976 இல் வட்டுக்கோட்டையில் தனியரசுத் தீர்மானம் நிறைவேறிற்று. 1970 இல் சுயாட்சிக் கழகத்தைத் தோற்கடித்த அதே பண்டிதர், 1977 இல் அத்தீர்மானத்தின் பேரில் அதே தொகுதியில் வென்றார். பின்னாளில் கனடாவுக்குச் சென்ற திரு. நவரத்தினம் 2006 இல் அங்கே காலமானார்.

இப்பழங்கதையை இன்று சொல்வதேன்? விகிதாசார முறையில் 1989 இல் தேர்தல் நடந்ததிலிருந்து ஊர்காவற்றுறைக்கெனத் தனி உறுப்பினர் இல்லை. பெரிய யாழ்ப்பாண மாவட்டத்தில் அது சிறியதொரு பிரிவு. 2013 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வட மாகாண சபையின் காலமும் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் ஆண்டுக்காண்டு பின்தள்ளப்பட்டது. குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்திருப்பவர், கிணற்று நீர் உவர்த்துவிட்டதென முறையிடுபவர், யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது?

நல்ல பிரதிநிதி வானத்திலிருந்து இறங்கி வருவதில்லை. கேள்வி கேட்கும் மக்களே அவரை உண்டாக்குகின்றனர். ஆகவே, மாகாண சபைத் தேர்தலை நடத்துக என்று தீவகம் ஒரே குரலிற் கேட்க வேண்டும். வாக்குக் கேட்டு வருபவரிடம், “உம் கட்சி தவறும்போது நீர் என்ன செய்வீர்? செய்தபின் எம்மிடம் திரும்பி வருவீரா?” என்ற இரு கேள்விகளையும் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். இவற்றுக்கு விடை சொல்லத் தயங்குபவருக்கு நம் வாக்கு எதற்கு?